வ.வே.சு. ஐயர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் வ.வே.சு. ஐயர் பிறந்தார். திருச்சியிலும் பின்னர் இரங்கூனிலும் வழக்குரைஞராகப் பணியாற்றினார். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்குடன் 1907இல் இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ‘இந்தியா இல்லம்’ அவரது வாழ்வின் திசையை மாற்றியது. சாவர்க்கருடன் நெருங்கிப் பழகிய ஐயர், ஆயுதப் புரட்சியால்தான் விடுதலை கிட்டும் என்று நம்பினார். படிப்பை முடித்த பின்பும் ஆங்கிலேய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மனமின்றிப் பட்டத்தைத் துறந்தார்.

1910இல் சாவர்க்கர் கைதானதும் ஐயரையும் காவலர் தேடலாயினர். அவர் பாரிசுக்குத் தப்பினார். அங்கிருந்து மாறுவேடத்தில் பல நாடுகளைக் கடந்து, அதே ஆண்டு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். வழியில் அவரது பெட்டியிலிருந்த முதலெழுத்துகளைக் கண்டு ஐயுற்ற ஒற்றரிடம், தம் பெயர் வீர விக்ரம சிங் எனக் கூறித் தப்பினார் என்பர்.

புதுச்சேரியில் பாரதியார், அரவிந்தர் ஆகியோரின் நட்பு வாய்த்தது. அவர் இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடவும் பயிற்சியளித்தார். 1911இல் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் அவர்களுள் ஒருவர். முதல் உலகப்போர் மூண்டபோது, தம்மை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற கவலை அவரைச் சூழ்ந்தது. அதற்குள் முடித்துவிட வேண்டுமென்று விரைந்து, திருக்குறள் முழுவதையும் சில மாதங்களில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகப் போற்றப்படும் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் கதையும் அக்காலத்ததே.

பொதுமன்னிப்புப் பெற்று 1920இல் வெளிவந்த ஐயர் காந்தியடிகளின் அறவழியை ஏற்றிருந்தார். ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்தபோது அரசை எதிர்த்து எழுதியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுப் பெல்லாரிச் சிறையில் அடைக்கப்பட்டார். கம்பராமாயணத்தைப் பற்றிய ஆங்கில ஆய்வை அங்குதான் எழுதினார்.

விடுதலைக்குப்பின் சேரன்மாதேவியில் அவர் தொடங்கிய குருகுலம் நாட்டுக்குழைக்கும் இளைஞரை உருவாக்கவே எழுந்தது. காங்கிரசும் பொருளுதவி செய்தது. ஆனால், பெற்றோர் விருப்பத்திற்கிணங்கப் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் உணவு தனியே பரிமாறப்பட்டது. பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனத்தில் சாதிவேற்றுமை கூடாதென வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தனர். தாம் முன்னரே அளித்த வாக்கை மீற இயலாதென்பது ஐயரின் நிலைப்பாடு. தம் இல்லத்தில் சாதி பாராது எல்லாருடனும் உண்டவர் அவர். எனினும், வாக்குறுதியைக் காட்டிலும் அம்மாணவர்களின் அருகே அமர மறுக்கப்பட்ட ஏனைய சிறுவர்களின் மானம் பெரிதன்றோ? இவ்வினாவுக்கு அன்றைய தமிழகம் அவரிடம் விடை எதிர்பார்த்தது. கருத்து வேற்றுமை காங்கிரசையே பிளக்கும் அளவுக்கு முற்றியது.

அப்பூசல் தணியுமுன்பே, 1925 ஜூன் மாதத்தில் மாணவர்களுடன் பாபநாசம் அருவிக்குச் சென்றார். அங்கே ஓடையைத் தாண்ட முயன்ற அவர் மகள் சுபத்திரை கால் தவறி வெள்ளத்தில் விழுந்தாள். மகளைக் காக்கக் குதித்த ஐயரையும் நீர் இழுத்துச் சென்றது. அப்போது அவருக்கு வயது 44. பெல்லாரியில் எழுதிய கம்பராமாயண ஆய்வு, அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து 1950இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தால் நூலாக வெளியிடப்பட்டது.