உருக்கு வளம் கண்ட பெசமர்

புகையிரதத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் ஜோர்ஜ் ஸ்ரீபன்சனைப் போற்றாது விடார். எஞ்சினைக் கண்டு வியந்த கண், அதனைத் தாங்கிக் கிடக்கும் தண்டவாளத்தை நோக்குவதில்லை. ஸ்ரீபன்சன் காலத்துத் தண்டவாளம் தேனிரும்பினால் ஆயது. வண்டிகள் இடையறாது ஓடும் நிலையங்களிலே அது சில மாதங்களுக்குள் தேய்ந்து, ஏடு ஏடாகப் பிளந்து போகும். பிளந்ததைப் பெயர்த்தெடுத்துப் புதியதை இடுவதே ஒரு கூட்டத்தாருக்கு ஓயாத தொழிலாயிருந்தது. உருக்கினால் தண்டவாளம் செய்தால் என் என்று வினவலாம். அக்காலத்தே உருக்கு ஒரு தொன் ஐம்பது அறுபது பவுண் விலை பெற்றது. கத்திக்கும் உளிக்கும் கடிகார வில்லுக்கும் உரிய அப்பொருளை நிலத்திலே நூறு கல் தூரம் பரப்ப எந்தக் கம்பனியாலும் இயலாது. அவ்வருமையை ஒழித்து உருக்கைத் தொன் ஆறு ஏழு பவுணுக்கு இறக்கியவர் சேர் ஹென்றி பெசமர் ஆவர்.

பெசமர் 1813ஆம் ஆண்டு தை மாதம் 19ஆந் திகதி ஆங்கில நாட்டு ஹேட்போட்சயர் மாகாணத்துச் சால்ற்றன் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் அந்தோனி பெசமர் பாரிசு மாநகரிலே நுண்காட்டியைத் திருத்தியமைத்து, அந்நாட்டு விஞ்ஞான சங்கத்தின் அங்கத்தவராகும் பெருமை பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது உயிர் தப்பி ஓடிவந்து, இவ்வூரில் அச்செழுத்து வார்க்கும் உலைக்களம் ஒன்றை நடத்தினார். அவ்வுலைக்களமே மைந்தனுக்குப் பள்ளிக்கூடம். களிமண்ணைப் பிசைந்து அச்சமைப்பதும், எஞ்சிய உலோகத்தை உருக்கி அதில் வார்ப்பதும் இளமை விளையாட்டாயின. பல்கலைக்கழகம் எதனையும் மிதியாத இவர், பதினேழாம் வயதிலே குடும்பத்தாருடன் இலண்டன் சேர்ந்தார்.

அங்கே அவர் முதற்கண் கைவைத்தது இரும்பிலன்று, அரசாங்க முத்திரையிலே. உறுதிகளில் ஒட்டிய முத்திரைகளைப் பழைய ஆவணங்களினின்றும் பெயர்த்துப் புதியவற்றில் ஒட்டும் களவு அந்நாளில் மலிந்திருந்தது. அதனால் அரசாங்கம் ஆண்டுதோறும் ஓரிலட்சம் பவுண் வரை இழந்ததாகக் கூறுவர். தோற்றோலிலே துளை விழுமாறு குத்தும் அச்சொன்றைப் பெசமர் இயற்றி முத்திரைக் காரியாலயத்தாருக்குக் காட்டினார். அவர்கள் மகிழ்ந்து, முத்திரை மேற்பார்வையாளர் பதவியை நல்ல வேதனத்துடன் தருவதாக வாக்களித்தனர். திருமணம் பேசியிருந்த இளைஞருக்கு இதனினும் இனிய செய்தி யாது? மணமகளாகவிருந்த ஆன் அலன் என்பாருக்கு அதனைச் சொல்ல, அவ்வம்மையார் முத்திரையிலே திகதியைப் பொறித்துவிட்டால் பழையதை மீளப் பயன்படுத்துதல் எங்ஙனம் கூடும் என்று வினவினார். அது துளையச்சிலும் எளியது. திகதி பொறித்தால் மேற்பார்வையாளர் பதவியே வேண்டியதில்லை என்பதை அறிந்தும், பெசமர் அவ்வுபாயத்தை மறையாது காரியாலயத்தாரிடம் போய்ச் சொன்னார். அவர்கள் உபாயத்தை எடுத்துக்கொண்டனர். பதவியும் கொடுத்தாரில்லை, ஒரு சதமும் கொடுத்தாரில்லை. பெசமர் வாழ்வு முழுவதிலும் இந்தப் புண் ஆறவில்லை. அவரைப் பற்றி எழுதுவோர் சிலர் இதனை இளமைக் கதையெனத் தள்ளிவிட்டு உருக்குக்குத் தாவிவிடுகின்றனர். அது தவறென்பது எம் துணிபு.

அடுத்து வந்தது பொன்னிறப் பொடி. தமக்கையார் வரைந்த மலரோவியத் தொகுதிக்குத் தலைப்பெழுத வேண்டிப் பெசமர் கடையிலே பொன்னிறப் பொடி வாங்கினார். ஓர் அவுன்சு ஏழு சிலின். பொன்னன்று, பித்தளையே, யேர்மனி நாட்டு நூறம்பேர்க்குக் கைவினைஞர் கையால் இடித்துச் செய்த காரணத்தால் இவ்விலை. பொறியினால் அதனைச் செய்யும் வழியை அவர் கண்டார். ஆனால் காப்புரிமைப் பத்திரம் பெற்றாரில்லை. உறுப்புகளை வெவ்வேறு பட்டறைகளிற் செய்வித்து, தாமே பொருத்தி, மனைவியாரின் உடன்பிறந்தார் மூவரைத் தவிரப் பிறர் எவரும் புகாத பூட்டிய அறையிலே வைத்து, முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அவ்விரகசியத்தைக் காத்தார். முத்திரைக் காரியாலயம் புகட்டிய பாடம் இது எனக் கொள்ளலாம். இப்பொடி ஈட்டிய பொருளே பின்னர் இரும்பாராய்ச்சிக்கு முதலாயிற்று.

கிரைமியப் போர் மூண்டகாலை, சுழன்று செல்லும் நீண்ட குண்டொன்றைப் பெசமர் அமைத்தார். அது 1854 மார்கழியில் பாரிசு நகருக்கு அணித்தாகிய வின்சென் என்னுமிடத்தே பரீட்சிக்கப்பட்டது. குண்டு நன்று, ஆயின் அதனை எறியும் வார்ப்பிரும்புப் பீரங்கி அவ்வதிர்ச்சியைத் தாங்குமா என்று பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே ஐயுற்றார். உலோகத்தொழிலிற் சிறிதே பயிற்சியுடைய பெசமர், அவ்வையத்தைத் தமக்கு விடுத்த அறைகூவலாகக் கொண்டு இலண்டன் மீண்டார்.

இங்கே இரும்பின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். ஊதுலையிலிருந்து இறங்கும் வார்ப்பிரும்பிலே காபன் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கலந்திருக்கும்; ஆதலின் அது கடினமாயினும் அடித்தால் உடையும். காபன் முற்றும் நீங்கியது தேனிரும்பு. அது வளையும், ஆனால் மென்மையது. இரண்டுக்கும் இடைப்பட்டது உருக்கு. அதனைப் பெறுதற்கு அக்காலத்தார் தேனிரும்புச் சட்டங்களைக் கரியிற் புதைத்து நாட்கணக்காகச் சுட்டு, பின் சிறு மூசைகளில் இட்டு உருக்கினர். மூசையுருக்கு நம்மவர் நெடுங்காலம் அறிந்த வித்தை. கொடுமணல் முதலிய இடங்களின் அகழ்வுகளிலே அதன் சுவடுகள் கிடைத்துள்ளன. நம் நாட்டுச் சமனலவாவிப் பகுதியிலே பருவக்காற்றே துருத்தியாக நின்று ஊதிய உலைகள் கி. பி. 7ஆம் நூற்றாண்டு தொடங்கி இயங்கின என்பதும் ஆராய்ச்சியால் அறியப்பட்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கெல்லாம் காற்று கரிநெருப்பை வளர்த்தது. பெசமர் கண்ட முறையிலோ காற்றே உருகிய இரும்பினுட் புகுந்து வேலை செய்தது.

அது தற்செயலாகத் தோன்றிய எண்ணம். உலையொன்றிலே காற்றோட்டம் பட்ட ஓரத்துக் கட்டிகள் சில உருகாது நிற்கக் கண்டு, கோலாற் குத்திப் பார்த்தபொழுது, அவை காபன் நீங்கிய இரும்பின் வெறும் தோடுகளாயிருந்தன. அங்ஙனமாயின் உருகிய வார்ப்பிரும்பின் அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் என்னாகும்? காற்று குளிர்விக்கும், இரும்பு உறைந்துவிடும் என்பதே எவரும் சொல்லக்கூடிய விடை. பெசமர் சில அந்தர் இரும்பைக் கலமொன்றில் வார்த்துக் காற்றைத் திறந்தார். பத்து நிமிடம் வரை சில பொறிகளே பறந்தன. பின்னர் எரிமலை வெடித்தாற்போல வெண்சுவாலையும் உருகிய கசடும் கூரையை நோக்கிச் சீறியெழுந்தன. காற்றை அடைக்கும் திருகு கலத்தின் அருகிலேயே இருந்தமையால் அணுகுவார் இல்லை. ஆரவாரம் தானே அடங்கியபின் வார்த்துப் பார்க்க, அடித்தால் வளையும் இரும்பு கிடைத்தது. காற்றின் ஒட்சிசன் இரும்பிலுள்ள காபனையும் சிலிக்கனையும் எரிக்க, அவ்வெரிவே வெப்பந் தந்தது. விறகில்லை, கரியில்லை. பல நாள் வேலை அரை மணிக்குள் முடிந்தது.

1856 ஆவணியிலே செல்ட்டனம் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான சங்கத்தில் பெசமர் இதனைக் கட்டுரையாக வாசித்தார். அன்று காலை உணவுச்சாலையில் வேல்சு நாட்டு இரும்பாலை அதிபர் ஒருவர், எரிபொருளின்றி இரும்பு செய்யப்போகும் இலண்டன்காரர் ஒருவர் வந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தாராம். அவ்விலண்டன்காரர் பக்கத்திலே உணவருந்திக்கொண்டிருந்தார். கட்டுரை முடிந்ததும் அவ்வதிபரே எழுந்து தம் ஆலையைப் பரீட்சைக்குத் தந்தார். பத்திரிகைகள் பறையறைந்தன. ஒரு மாதத்துக்குள் இருபத்தேழாயிரம் பவுண் அனுமதிப்பணமாக வந்து குவிந்தது.

வந்த வேகத்திலேயே பழியும் வந்தது. பணங் கொடுத்த ஆலையார் ஊதிய இரும்பு அடியிற் பட்டதும் நொறுங்கியது. நேற்றுப் புகழ்ந்த வாய்கள் இன்று ஏமாற்றுக்காரன் என்றன. குற்றம் பெசமரதன்று, மண்ணினது. அவர் பரீட்சித்த பிளேனேவன் இரும்பிலே பொசுபரசு அருகியிருந்தது. பிரித்தானிய இரும்பிற் பெரும்பாலானவற்றிலோ அது மிகுந்திருந்தது. காற்று காபனை எரிக்கும். அக்கலத்திலே பொசுபரசை அகற்றமாட்டாது. பெசமர் வழக்காடாமல் உரிமைகளைத் திரும்ப வாங்கி, கைப்பொருளைச் செலவிட்டு ஆராய்ந்து, பொசுபரசு குறைந்த சுவீடன் நாட்டு இரும்பை நாடினார். அந்நாட்டு யோரான்சன் என்பார் 1858இல் தம்மூர்ச் சூளையிலே இம்முறையை நன்கு நடத்திக் காட்டினார்.

ஆனால் இன்னொரு குறை இருந்தது. காபன் எரிந்தபின் காற்று இரும்பையே எரிக்கத் தொடங்கும். அவ்வாறு மிகையாக ஊதிய இரும்பு சூட்டிலே பிளக்கும். இதற்கு மருந்து கண்டவர் டீன் வனத்துக் கோல்போட் ஊரினர் றொபேட் மசெற். மங்கனீசு மிக்க ஒருவகை யேர்மனிய இரும்பை இறுதியிற் சிறிது சேர்த்தால், மங்கனீசு மிகுந்த ஒட்சிசனைப் பற்றிக்கொள்ளும். வேண்டிய அளவு காபனும் சேரும். 1856 புரட்டாதியிலே மசெற் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் இவ்வாறு செய்த உருக்கினால் உருட்டப்பட்ட தண்டவாளம் ஒன்று 1857 தொடக்கத்திலே டேபி நிலையத்தில் இடப்பட்டது. உலகின் முதல் உருக்குத் தண்டவாளம் அதுவே. ஆறு மாதத்துக்கு ஒருகால், சிலவேளை மூன்று மாதத்திலேயே, இரும்புத் தண்டவாளம் மாற்றப்பட்ட இடம் அது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 வண்டித்தொடர்களும் எஞ்சின்களும் மிதித்துச் செல்ல, அவ்வுருக்கு 1873 வரை பதினாறு ஆண்டு கிடந்தது.

தண்டவாளம் நிலைத்தது, மசெற்றின் உரிமை நிலைக்கவில்லை. மூன்றாம் ஆண்டில், 1859இல், காப்புரிமையைப் புதுப்பிக்க ஐம்பது பவுண் முத்திரைத் தீர்வை கட்டவேண்டியிருந்தது. பொறுப்பேற்றிருந்தோர் கட்டாது விட்டனர். உரிமை அற்றுப்போயிற்று; மங்கனீசு எல்லார்க்கும் பொதுவாயிற்று. முத்திரையால் வஞ்சிக்கப்பட்ட ஒருவருக்கு, மற்றொருவர் கட்டாத முத்திரைத் தீர்வை செல்வத்துக்கு வழிதிறந்த இந்த வினோதத்தை என்னென்பது!

பெசமர் கட்சியையும் கேட்டல் நீதி. மங்கனீசு உருக்குக்கு நல்லது என்பது மசெற்றுக்கு முன்பே அறிந்த செய்தி என்பது அவர் வாதம். அதனை அறிவித்தவர் ஹீத். அவர் சென்னை அரசாங்க சேவையிலிருந்து விலகித் தமிழ்நாட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவியவர். 1839இல் மூசையுருக்கிலே மங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு உரிமை பெற்றவர். செபீல்ட் உருக்காலையார் அம்முறையால் பெரும்பொருள் ஈட்டினர். ஹீத்துக்கு ஒன்றுங் கொடாது ஆண்டுக்கணக்காக வழக்காடினர். அவர் வறியராகவே இறந்தார். வாதம் முற்றும் பொய்யன்று. ஆயினும் வஞ்சிக்கப்பட்ட ஹீத்தின் பெயரே மசெற்றுக்குப் பங்கு மறுக்கும் கேடயமாயிற்று என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நோகிறது.

1858இல் பெசமர் செபீல்ட் நகரிலேயே ஆலை தொடங்கி, அயலாரினும் தொன்னுக்குப் பத்துப் பதினைந்து பவுண் குறைத்து விற்றார். கவிழ்த்து வார்க்கத்தக்க முட்டை வடிவான கலம் 1860இல் உரிமை பெற்றது. தண்டவாளம் உருக்கினால் ஆகட்டும் என்று அவர் முதலிற் சொன்னபொழுது, இலண்டன் வடமேற்குப் புகையிரதக் கம்பனியின் பொறியியலாளர் றாம்ஸ்பொற்றம், தம்மைக் கொலைவழக்கிலே மாட்டப் பார்க்கிறாரா என்று வெகுண்டாராம். உருக்கு கண்ணாடிபோல உடையும் என்ற அச்சம் அது. 1862இல் இலண்டன் கம்டன் பகுதியிலே ஒருபுறம் உருக்கும் ஒருபுறம் இரும்புமாக இட்டுப் பார்த்தனர். இரும்பு பலமுறை மாற்றப்பட, உருக்கு இட்டபடியே கிடந்தது. இரண்டாண்டில் அக்கம்பனி குறூ நகரில் தானே பெசமர் ஆலை நிறுவியது. உரிமைப்பணமாக மட்டும் பெசமர் பெற்றது பத்து இலட்சம் பவுணுக்கு மேல்.

மசெற்றோ நோயும் கடனுமாய்க் கிடந்தார். 1866இல் அவர் மகள் மேரி, பதினாறு வயதுப் பெண், தனியே புகைவண்டி ஏறி இலண்டன் சென்று பெசமரின் காரியாலயத்துள் நுழைந்து, அவர் வெற்றி தம் தந்தையார் கண்டதன்மேல் நிற்கிறது என்று முகத்துக்கு நேரே கூறினாள். சட்டப்படி பெசமர் ஒரு பென்சும் கொடுக்கவேண்டியவரல்லர். எனினும் கடனைத் தீர்க்கப் பணமளித்தார்; பின்னர் ஆண்டுக்கு முந்நூறு பவுணாக, மசெற் 1891இல் இறக்கும்வரை உதவினார். இதனை வள்ளன்மை என்று பாடிவிடலாம். பெசமர் தம் வரலாற்றிலே அவ்வளவு சொல்லவில்லை: தாம் மசெற்றுக்குக் கடன்பட்டவராயிருப்பதிலும் மசெற் தமக்குக் கடன்பட்டவராயிருத்தல் நன்று என எண்ணியதாகவும், பத்திரிகைகள் தம் உரிமையைத் தாக்கிய நாளிலே அது பயன்பட்டதாகவும் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஆண்டுக்கு முந்நூறு பவுண் அந்நாளிற் சிறுதொகையன்று. பத்து இலட்சத்தோடு ஒப்பிட்டால் பெருந்தொகையுமன்று. உருக்குச் சங்கத்தார் பெசமர் பெயரால் நிறுவிய பொற்பதக்கம் 1876இல் மசெற்றுக்கே வழங்கப்பட்டது.

எல்லாம் வென்றவருக்குத் தோல்வியும் உண்டு. கடல்நோய் தாங்கமாட்டாத பெசமர், அலையில் அசையாத அறைகொண்ட கப்பல் ஒன்றைப் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டுவித்தார். 1875இல் அது கலே துறைமுக மேடையிலே இருமுறை மோதிப் பயனற்றுப்போயிற்று.

முத்திரைக் கடன் 1879இல் தீர்ந்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்துப் பெசமர் தம் பழைய வழக்கைப் பத்திரிகை வாயிலாக எழுப்ப, அரசாங்கம் சேர் பட்டம் அளித்தது; உருக்குக்காக அன்று, முத்திரைக்காக. அவ்வாண்டுகளிலேதான் பொசுபரசுக்கும் பகை தோன்றியது. இலண்டன் பொலிசுக் கோட்டுக் குமாஸ்தாவாகிய சிட்னி கில்கிறிஸ்ற் தோமஸ், மைத்துனர் முறையினரான இரசாயனி ஒருவர் துணையோடு, கலத்தின் உட்புறத்தைச் சுண்ணப் பொருளால் அமைத்து அதனை நீக்கிக் காட்டினார். அப்பரீட்சைகள் தொடங்கியது, பெசமரின் முதல் நல்லிரும்பு வந்த அதே பிளேனேவன் ஊரில். தோமஸ் முப்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அவர் வரலாறு தனியே எழுதத் தக்கது.

பெசமர் 1898 பங்குனி 15ஆந் திகதி இலண்டன் டென்மார்க் குன்றிலுள்ள தம் மாளிகையில் எண்பத்தைந்தாம் வயதிற் காலமானார். எழுதிக்கொண்டிருந்த தன்வரலாற்றின் இறுதிப் பகுதியை மைந்தர் முடித்து 1905இல் வெளியிட்டார். அவர் முறையைப் பின்வந்த உலைகள் மெல்ல மெல்ல விலக்கின. பொசுபரசு குறைந்த கம்பலந்து மண்ணை நம்பித் தண்டவாளம் உருட்டிய வேக்கிங்ரன் நகரிலே மட்டும் பெசமர் கலங்கள் 1974 வரை ஊதிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று இன்று செபீல்ட் நகரத்துக் கெலம் தீவு நூதனசாலையின் முன்றிலில் வாயை மேல்நோக்கி நிற்கிறது.