ஆண்டீஸ் கதையைச் சொல்லி முடிக்காதவர்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரை நெடுகிலும், வடக்கே கரீபியன் கடலோரம் தொடங்கித் தென்கோடி வரை சுமார் 7,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்கிறது ஆண்டீஸ் மலைத்தொடர். அதில் ஏறி இறங்கிய ஐரோப்பியர் பலர் உண்டு. ஆனால் அந்த மலையை உலகம் கண்ணால் கண்டதுபோல் அறியும்படி செய்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் ஜெர்மானிய விஞ்ஞானி அலெக்சாண்டர் ஹம்போல்ட்தான். அங்கே அவர் சுற்றியது இரண்டு ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவு. அதைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தது ஐம்பத்தைந்து ஆண்டுகள். அப்படியும் அந்தக் கதையை அவர் சொல்லி முடிக்கவில்லை.

1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி பெர்லினில் பிறந்தார். தகப்பனார் பிரஷ்ய ராணுவ அதிகாரி. பையனுக்கு ஒன்பது வயதாகும்போதே அவர் காலமாகி விட்டார். தாயார் வசதி படைத்தவர், கண்டிப்பும் மிகுந்தவர். மகன் சர்க்கார் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது அவர் முடிவு. மகனோ செடி கொடிகளையும் பூச்சிகளையும் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு வருகிறவன். தாயார் சொல்லைத் தட்டாமல் சுரங்க இலாகாவில் சேர்ந்தார். அங்கும் சும்மா இருக்கவில்லை. சுரங்கத் தொழிலாளிகள் நச்சுக் காற்றில் மூச்சு முட்டிச் சாவதைக் கண்டு அவர்களுக்கென்று ஒரு பாதுகாப்பு விளக்கை அமைத்தார். சொந்தப் பணத்தில் அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார்.

1796-ல் தாயார் மறைந்தார். பெரிய சொத்து கைக்கு வந்தது. உடனே உத்தியோகத்தை உதறினார். நிலம் வாங்கவில்லை, வீடு கட்டவில்லை. அந்தக் காலத்தில் கிடைத்த மிக நுட்பமான அளவுக் கருவிகளை வாங்கினார். பாரிஸ் நகரில் ஒரே விடுதியில் தங்கியிருந்த பிரெஞ்சுத் தாவர அறிஞர் எய்மே போன்பிளான்ட் நண்பரானார். போவதாக இருந்த பயணங்கள் ஒவ்வொன்றாகத் தவறிப்போகவே, இருவரும் ஸ்பெயினுக்குச் சென்றனர். தன் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குள் வெளியாரை எளிதில் விடாத ஸ்பெயின் அரசர், செலவெல்லாம் இவருடையதே என்றதும் அனுமதி கொடுத்தார். 1799 ஜூன் 5-ந் தேதி கப்பல் புறப்பட்டது.

முதலில் வெனிசுலா. ஓரினோகோ நதியில் படகுப் பயணம், கொசுக்கடி, காய்ச்சல். பிறகு கியூபா. அந்தக் கதையே தனி. 1801 மார்ச் கடைசியில் இன்றைய கொலம்பியாவில் உள்ள கார்தஹேனா துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ஆண்டீஸ் பயணம் இங்கே ஆரம்பமாகிறது.

மனிதர் முதுகில் சவாரி

மக்தலேனா ஆற்றில் எதிர் நீரோட்டத்தில் வாரக்கணக்கில் சென்று பொகோட்டா நகரை அடைந்தனர். அங்கிருந்து குயிட்டோ நகருக்குப் போக, குயிண்டியோ கணவாயைத் தாண்ட வேண்டும். மழையில் ஊறிய சேறு, இரு பக்கமும் சுவர்போல் உயர்ந்த குறுகிய பள்ளப் பாதை. அந்த வழியில் வசதியுள்ளவர்கள் நடப்பதில்லை. முதுகில் நாற்காலியைக் கட்டிக்கொண்ட கூலியாட்கள் அவர்களைச் சுமந்து செல்வார்கள். குதிரைச் சவாரி என்பதுபோல் ஆள் சவாரி என்று அதைச் சாதாரணமாகச் சொல்வது அந்த ஊர் வழக்கம். ஹம்போல்ட் அந்த நாற்காலியில் உட்கார மறுத்து விட்டார். சாமான்களை எருதுகள் சுமக்க, அவரும் போன்பிளான்டும் மழையில் நடந்தார்கள். பாதரட்சைகள் கிழிந்து போயின. மறுபக்கம் இறங்கியபோது வெறுங்காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

கருவிகளைக் காப்பாற்றுவது உயிரைக் காப்பாற்றுவதைவிடப் பெரிய பாடு. முக்கியமாக, மலையின் உயரத்தைக் கணக்கிட உதவும் பாரமானி. நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பியது. கோவேறு கழுதையின் குலுக்கலுக்கு அது தாங்காது. ஒருவர் அதைக் கையில் பிடித்தபடியே மலை முழுதும் நடந்தாக வேண்டும்.

1802 ஜனவரி 6-ந் தேதி குயிட்டோ வந்து சேர்ந்தார்கள். சுற்றிலும் எரிமலைகள். அந்நகரப் பிரபு ஒருவரின் மகன், கார்லோஸ் மோன்டூஃபர் என்ற இளைஞர், இவர்களுடன் சேர்ந்துகொண்டார். பிச்சிஞ்சா எரிமலையின் வாய்க்கு மேலே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையில் குப்புறப் படுத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார் ஹம்போல்ட். பாறை அடிக்கொரு தரம் அதிர்ந்தது. அவர் அந்த அதிர்ச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தார்! 

சிம்போராசோவில் ஒரு பிளவு

இன்றைய ஈக்குவடார் நாட்டில் உள்ள சிம்போராசோ சிகரத்தின் உயரம் 6,263 மீட்டர். உலகத்திலேயே உயர்ந்த மலை அதுதான் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். 1802 ஜூன் 23-ந் தேதி அதன்மீது ஏறத் தொடங்கினார்கள். பனி எல்லையில் சுமையாட்கள் நின்று விட்டனர். ஹம்போல்ட், போன்பிளான்ட், மோன்டூஃபர், பக்கத்துக் கிராமத்தவர் ஒருவர், ஆக நால்வர் மட்டும் மேலே சென்றனர். கத்தி முனைபோன்ற ஒரு முகடு. சில இடங்களில் ஒரு சாண் அகலம்கூட இல்லை. ஒரு பக்கம் வழுக்கும் பனி, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். கூரிய கற்களைப் பற்றித் தவழ்ந்ததில் கைகள் கிழிந்தன. மூச்சு வாங்கியது, தலை சுற்றியது, ஈறுகளில் ரத்தம் கசிந்தது. உயரத்தில் பிராணவாயு குறைவதுதான் இதற்குக் காரணம் என்று சரியாக ஊகித்தவர்களில் அவர் முன்னோடி. இன்றைய மலையேறிகளின் கனத்த ஆடையோ, கயிறோ, பிராணவாயுக் குப்பியோ கிடையாது. சாதாரணக் கோட்டும், நனைந்துபோன பூட்ஸும்தான்.

மூடுபனி விலகியபோது சிகரம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நடுவே தாண்ட முடியாத ஒரு பெரும் பிளவு. அங்கேயே நின்று பாரமானியைப் பார்த்தார். அவர் கணக்குப்படி 19,000 அடிக்கும் மேலே. பிறகு திரும்பி விட்டார்கள். சிகரத்தைத் தொடாத அந்த ஏற்றம்தான் அவரை ஐரோப்பா முழுவதும் பிரபலமாக்கியது. மனிதன் எட்டிய மிக அதிக உயரம் அது என்று அன்று எல்லோரும் நம்பினர். இன்கா மக்கள் அதற்கும் பல நூற்றாண்டு முன்பே 6,739 மீட்டர் உயரமுள்ள யூயையாக்கோ உச்சியில் வழிபாடு நடத்தியிருக்கிறார்கள் என்பது பிற்கால ஆராய்ச்சியில்தான் தெளிவாகத் தெரிந்தது.

அடிவாரத்தில் வாழையும் பனையும், மேலே ஓக் மரம், அதற்கும் மேலே புல், கடைசியில் பாறையில் ஒட்டிய பாசி. பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை பயணம் செய்தால் காணும் மாறுதலை ஒரே மலையில் அவர் கண்டார். தட்பவெப்பமும் தாவரமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை விளக்க, அந்த மலையை நெடுக வெட்டியதுபோல் ஒரு படம் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி என்று அதிலேயே குறித்தார். பள்ளிப் புத்தகங்களில் இன்று காணும் பல படங்களுக்கு அதுதான் மூத்தது.

பொன் மரங்களின் மேல் ஒரு சிறுவன்

அங்கிருந்து தெற்கே பெரு நாட்டை நோக்கிச் சென்றனர். வழியில் இன்கா மன்னர்கள் போட்ட கல் பாவிய சாலைகளைக் கண்டு, இவை ரோமாபுரிச் சாலைகளுக்குக் குறைந்தவை அல்ல என்று மதிப்பிட்டார். சாமாயா ஆற்றங்கரையில் ஒரு விநோதத் தபால்காரரைக் கண்டார். அவர் கடிதங்களைத் துணியில் சுற்றித் தலைப்பாகைபோல் கட்டிக்கொண்டு, கனமில்லாத ஒரு கட்டையை அணைத்தபடி நாள்கணக்கில் ஆற்றில் நீந்திப் போய்த் தபாலைச் சேர்ப்பார். கடிதங்கள் நனைவதும் தொலைவதும் அபூர்வம் என்று கேள்விப்பட்டார். ரயில் வராத காலத்துத் தபால் சர்வீஸ்!

கஹமார்கா என்ற ஊர்தான் அவர் மனத்தில் கடைசி வரை தங்கியது. 1532-ல் ஸ்பானியத் தளபதி பிசாரோ இன்கா மன்னர் அட்டஹுவால்பாவைச் சிறைப்பிடித்த ஊர் அது. அறை நிறையப் பொன் கொடுத்தும் மன்னரை விடாமல் கொன்று விட்டனர். அந்த அரண்மனை இடிபாடுகளுக்கு நடுவே, மன்னர் வம்சத்தின் வழிவந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஏழைக் குடும்பம் குடியிருந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஹம்போல்டுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினான். இந்த மண்ணுக்கு அடியில் பொன்னால் செய்த மரங்களும், பொன் பழங்களும், பொன் பறவைகளும் புதைந்து கிடக்கின்றன என்று உறுதியாகச் சொன்னான். இவ்வளவு வறுமையில் தோண்டிப் பார்க்க ஆசை வரவில்லையா என்று ஹம்போல்ட் கேட்டார். அந்த ஆசை வருவதில்லை, அது பாவம் என்று தகப்பனார் சொல்லியிருக்கிறார் என்றான் பையன். பொன் கிளைகள் கிடைத்தால் அக்கம்பக்கத்து வெள்ளையர் பகைப்பார்கள், தீங்கு செய்வார்கள், தங்களுக்குச் சிறிய வயலும் நல்ல கோதுமையும் இருக்கிறது என்றும் சொன்னான்.

கோதுமையும் வயலும் போதும் என்ற அந்தப் பேச்சை ஹம்போல்ட் மறக்கவில்லை. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, எண்பது வயதில்தான் அதை அச்சில் ஏற்றினார்.

சொத்தெல்லாம் புத்தகமாயிற்று

லிமா நகருக்குப் போய்ப் புதன் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்த்து அளந்து, 1803 பிப்ரவரியில் ஆண்டீஸை விட்டுக் கப்பல் ஏறினார். மெக்சிகோ, அமெரிக்கா வழியாக 1804 ஆகஸ்டில் பிரான்சு திரும்பினார். கொண்டு வந்த தாவர மாதிரிகள் சுமார் 60,000. பாரிஸ் நகரில் தங்கி எழுத ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் முடியும் என்று நினைத்த வேலை முப்பது ஆண்டுகள் இழுத்தது. சுமார் முப்பது தொகுதிகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்கள். படம் வரைகிறவர், செதுக்குகிறவர், அச்சடிக்கிறவர் எல்லோருக்கும் அவர் பணமே போயிற்று. தாயார் விட்டுச் சென்ற சொத்து முழுவதும் கரைந்தது.

விருந்துகளில் அவர் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். கேட்டவர்களில் ஒருவர் சைமன் பொலிவர். பிறகு தென் அமெரிக்க விடுதலைப் போரின் தலைவரானார். பயண வரலாற்றைப் படித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். அதைக் கையோடு கப்பலில் எடுத்துச் சென்றார். ஆனால் அந்தப் பயண வரலாறு மூன்று தொகுதிகளோடு நின்று விட்டது. அது முடிகிற இடம் 1801 ஏப்ரல், ஆண்டீஸ் மலையின் வாசல்! நான்காம் தொகுதி வெளிவரவே இல்லை. சிம்போராசோ ஏற்றத்தைப் பற்றி விவரமான கட்டுரை 1837-ல்தான் வந்தது. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக.

உடன் நடந்தவர்கள் கதை சோகமானது. விடுதலைப் போரில் சேர்ந்த மோன்டூஃபரை 1816-ல் ஸ்பானியர் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு தென் அமெரிக்கா திரும்பிய போன்பிளான்டை 1821-ல் பராகுவே சர்வாதிகாரி பிடித்து, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நாட்டை விட்டு வெளியேற விடாமல் வைத்தார். ஹம்போல்ட் எழுதாத கடிதம் இல்லை, பிடிக்காத ஆள் இல்லை. விடுதலையான பின்பும் போன்பிளான்ட் ஐரோப்பா திரும்பவில்லை. 1858-ல் அர்ஜென்டினாவில் மறைந்தார்.

இந்தியா வர விடவில்லை

ஆண்டீஸைப் பார்த்தவருக்கு இமயத்தையும் பார்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது தீராத ஆசை. இதற்காக 1814 முதல் பலமுறை லண்டன் சென்றார். பிரஷ்ய அரசர் பயணச் செலவு தருவதாகவும் சொன்னார். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. ஸ்பானியர் ஆட்சியில் சுரங்கங்களிலும் வயல்களிலும் மண்ணின் மக்கள் பட்ட பாட்டையும், அடிமை வியாபாரத்தின் கொடுமையையும் அவர் எழுதியிருந்ததே போதுமான காரணம். அப்படி ஒரு கண்ணும் பேனாவும் இந்தியாவுக்குள் வருவதைக் கம்பெனியார் எப்படி விரும்புவார்கள்? அண்ணன் வில்ஹெல்ம், பெர்லினில் இருந்தபடியே சமஸ்கிருதம் பயின்று பகவத் கீதையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். தம்பி கடைசி வரை இந்திய மண்ணை மிதிக்கவில்லை. இதற்குள் இமயச் சிகரங்கள் சிம்போராசோவைவிட உயர்ந்தவை என்ற அளவுகளும் வந்து விட்டன. அதில் தமக்குச் சற்றுப் பொறாமைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். (பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எவரெஸ்டைவிடச் சிம்போராசோ உச்சிதான் அதிகத் தொலைவில் உள்ளது என்பதை இன்று அறிவோம். பூமத்திய ரேகையருகே பூமி சற்றுப் புடைத்திருப்பதே காரணம்.)

1827-ல் அரசர் அழைப்பின் பேரில் பெர்லின் திரும்பினார். அந்தக் குளிர்காலத்தில் இலவசமாகச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அரசரும் வந்தார், தொழிலாளிகளும் வந்தனர். பல்கலைக்கழகத்தில் நுழைய அனுமதி இல்லாத பெண்கள் திரளாக வந்தனர். அறுபதாவது வயதில் ரஷ்யா வழியே சீன எல்லை வரை சென்று வந்தார். பிறகு ‘காஸ்மாஸ்’ என்ற பெருநூலை எழுத உட்கார்ந்தார். அதன் முதல் தொகுதி 1845-ல் வந்தது.

தாம் போக முடியாத இடத்துக்கு மற்றவர்களை அனுப்பி வைத்தார். அவர் சிபாரிசில் ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் மூவர் 1854-ல் பம்பாயில் வந்திறங்கினர். அவர்களில் இருவர் மறு ஆண்டு கார்வால் இமயத்தில் 22,000 அடிக்கு மேல் ஏறினர். சிம்போராசோவில் பிளவு தடுத்த இடத்தைவிட அது மிக உயரம்.

முதுமையில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. 1859 மார்ச் மாதம், தயவுசெய்து இனிக் கடிதம் எழுதாதீர்கள் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். அந்தச் சமயத்தில் நியூயார்க் நகரில் ஃப்ரெட்ரிக் சர்ச் என்ற ஓவியர், ‘ஆண்டீஸின் இதயம்’ என்ற பிரம்மாண்டமான ஓவியத்தை முடித்துக்கொண்டிருந்தார். ஹம்போல்டின் எழுத்தைப் படித்து, அவர் நடந்த வழியைத் தேடி இருமுறை ஈக்குவடார் சென்று வந்தவர் அவர். பத்து அடி அகலத்தில் மலை, அருவி, காடு, தூரத்தில் சிம்போராசோவை நினைவூட்டும் ஒரு பனிச்சிகரம். கிழவர் மறுபடி ஒரு தரம் அதைக் காணட்டும் என்று ஓவியத்தைப் பெர்லினுக்கு அனுப்பத் திட்டமிட்டார் சர்ச். ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, மே 6-ந் தேதி பிற்பகலில், தமது 89-வது வயதில் ஹம்போல்ட் காலமானார். ஓவியம் பெர்லினுக்குப் போகவில்லை. இப்போது அது நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இருக்கிறது.