பெயரும் நாடும்: அன்னா ரிவ்கின்-பிரிக்கின் சிறார் ஒளிப்பட நூல்கள்

சிறார் நூல்களில் உரையெழுதியவரே ஆசிரியராகக் கருதப்படுவதும், படம் தந்தவர் அடுத்த நிலையில் வைக்கப்படுவதும் நூற்பட்டியல் மரபு. இம்மரபு முற்றிலும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்வீடனில் வெளிவந்து, பல மொழிகளுக்குச் சென்ற பிறநாட்டுக் குழந்தைகள் பற்றிய ஒளிப்பட நூல்வரிசையே அது. அதன் ஊற்றுக்கண் அன்னா ரிவ்கின்-பிரிக் என்னும் ஒளிப்படக் கலைஞர்.

ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த சுராஷ் என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் 1908இல் அன்னா பிறந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் குடும்பம் ஸ்வீடனுக்குக் குடிபெயர்ந்தது. பிறநாட்டுக் குழந்தைகளைப் பின்னாளில் தேடிச் சென்றவர், தாமே பிறநாட்டுக் குழந்தையாக ஸ்டாக்ஹோமில் வளர்ந்தவர் என்பது கருதத்தக்கது. அவர் முதலில் பயின்றது நடனம். உடல்நலக் குறைவு அப்பாதையை அடைக்கவே, ஒளிப்பட நிலையமொன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். 1928இல், இருபது வயதில், சொந்த நிலையம் தொடங்கினார். நடனம் அவரை விட்டு நீங்கவில்லை. ஸ்வீடிஷ் நடனக்கலை பற்றிய ஒளிப்பட நூல் 1932இல் வெளிவந்தது. எழுத்தாளர்களின் உருவப்படங்களை எடுப்பவராகவும் அவர் பெயர்பெற்றார். இதழாசிரியர் டேனியல் பிரிக் அவருடைய கணவர்.

நிலையத்தின் சுவர்களுக்குள் இருந்த கலை வெளிநிலத்திற்கு வந்த பின்னரே சிறார் நூல்கள் பிறந்தன. வடதுருவப் பகுதியில் துருவமான் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழும் சாமி மக்களைப் பற்றி, எல்லி யான்னெஸ் என்னும் பெண் இதழாளரோடு இணைந்து உருவாக்கிய நூல் 1950இல் வெளிவந்தது. அது பெரியோர்க்குரியது. அடுத்த ஆண்டே அவ்விருவரும் 'எல்லெ காரி' என்னும் சாமிச் சிறுமியின் கதையைச் சிறார்க்கு அளித்தனர். இங்கு நேர்ந்த மாற்றம் சிறிதன்று. முன்னைய நூலின் நாயகம் ஒரு சமுதாயம். பின்னைய நூலின் நாயகம் ஒரு பெயர். இனவரைவியல் நோக்கில் 'அம்மக்கள்' எனப் பன்மையில் பேசப்பட்டோரிடையிலிருந்து ஒரு குழந்தை தனித்து முன்வந்து, வாசிக்கும் குழந்தையை நேர்கொண்டு பார்க்கிறது.

அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் இவ்வரிசையில் சேர்ந்தது 1956இல். ஸ்வீடனைச் சேர்ந்த ஏவா ஜப்பானிய நோரிகோ-சானைச் சந்திக்கும் கதை அது. கிளிமஞ்சாரோவின் சியா (1958), யூகோஸ்லாவியாவின் மார்க்கோ (1962), தாய்லாந்தின் நோய் (1966) என 1968 வரை இருவர் பெயரிலும் ஒன்பது நூல்கள் வந்தன. லிண்ட்கிரெனின் புகழால் இவை அவருடைய படைப்புகளாகவே பல இடங்களில் பதியப்பெற்றுள்ளன. உருவாக்க முறையோ இதற்கு மறுதலையானது. முதலில் பிறந்தவை படங்கள்; அவற்றுக்கு இசையவே கதை எழுதப்பட்டது. உரைக்குப் படம் வரையும் வழக்கத்தை அறிந்த வாசகர், இங்குப் படத்திற்கு உரை கண்டதாகவே கொள்ளவேண்டும்.

அவ்வாறு கொள்ளும்போதுதான் உண்மையான சிக்கல் புலப்படுகிறது. ஒளிப்படத்தில் நிற்பது உயிருள்ள ஒரு குழந்தை. உரை அதற்குத் தருவதோ ஒரு புனைகதை. ஆசையும் ஏக்கமும் சிறு குறும்பும் எழுத்தாளர் வழங்கியவை. ஓவியத்தில் இவ்விடைவெளி எவரையும் உறுத்தாது. ஒளிப்படத்தில் அது மறைந்துவிடுகிறது. படத்தின் மெய்ம்மை கதைக்கும் சான்றுபோல் நின்றுவிடுகிறது. தலைப்புகளும் இதற்குத் துணைசெய்கின்றன. குழந்தையின் பெயர், 'வாழ்கிறாள்' அல்லது 'வாழ்கிறான்' என்னும் நிகழ்கால வினை, நாட்டின் பெயர் ஆகிய மூன்றே பல தலைப்புகளின் உறுப்புகள். ஒரு குழந்தை ஒரு நாட்டுக்கே முகமாகிவிடுகிறது. நிகழ்காலமும் உறைந்துவிடுகிறது: மார்க்கோ வாழ்வதாகச் சொல்லப்பட்ட யூகோஸ்லாவியா இன்று இல்லை.

இக்குறையை அன்னாவின் படங்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன என்றே கூறவேண்டும். வறுமையைக் காட்டி இரக்கம் கோரும் நோக்கு அவற்றில் மேலோங்கவில்லை. குழந்தைகள் பெரும்பாலும் ஏதேனும் செய்துகொண்டிருக்கிறார்கள். அசையும் உடலைக் காணும் கண் நடனத்தில் பயின்றதென்று கொள்வதில் தவறில்லை. ரோமா மக்களின் வாழ்வு பற்றி இவார் லூ-யோஹான்சனோடு இணைந்து வெளியிட்ட 1955ஆம் ஆண்டு நூலை உடன்வைத்து நோக்கினால், ஓரங்கட்டப்பட்டோர்மீது அவருக்கிருந்த ஈடுபாடு சிறார் நூல்களோடு மட்டும் நின்றதன்று என்பது தெளிவாகும். காஷ்மீரச் சிறுமி சலிமா பற்றிய நூல் அவருடைய இறுதிக்காலப் பணிகளுள் ஒன்று. அதன் உரை வேரா ஃபோர்ஸ்பெரி எழுதியது.

இந்நூல்கள் மிக ஆழமாக வேரூன்றிய மொழிகளுள் எபிரேயம் ஒன்று. கவிஞர் லியா கோல்ட்பெர்க் அவற்றை எபிரேயத்தில் வழங்கினார். இஸ்ரேலில் புதிதாகக் குடியேறிய குழந்தைகள் பற்றி அவரே எழுதிய நூலொன்றுக்கும் அன்னா படங்கள் தந்தார்.

அன்னா 1970இல் காலமானார். அவருடைய படங்களின் பெருந்தொகுதி ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்நூல்களை எபிரேயத்தில் படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த டுவோரித் ஷர்கல், படங்களில் இருந்த குழந்தைகளைப் பல பதிற்றாண்டுகள் கழித்துத் தேடிச் சென்று ஆவணப்படங்கள் எடுத்தார். அவர் கண்டவர்கள் முதுமையை எட்டியிருந்தனர். கதைகள் சொல்லாத வாழ்க்கை அவர்களுக்கு இருந்தது.