ஒன்பதாவது இடம்

சங்கரன்கோவிலில் சென்ற மாதம் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கடைவீதியில் சிறு ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய் என்னை ஓரமாக அழைத்துப் போனார். மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டான். துபாய்க்கு விசா ஏற்பாடு செய்ய மாமன் தயாராக இருக்கிறார். பையனோ விமானி ஆவேன், அதுவும் ராணுவத்தில்தான் ஆவேன் என்கிறான். விமானப்படையா, கடற்படையா, கடலோரக் காவல்படையா என்று வீட்டில் தினமும் விவாதமாம். நம்ம பிள்ளைகளை எடுப்பார்களா என்பது அவர் கேட்ட இரண்டாவது கேள்வி. தேர்வாகாமல் திரும்பி வந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது அவர் கேட்காத மூன்றாவது கேள்வி. அது முகத்திலேயே தெரிந்தது.

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மூன்றாவது கேள்விக்காகத்தான் மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களின் வாழ்க்கையில் ஒரு சில வாரங்களை இங்கே எழுதுகிறேன். அவர் குடியரசுத் தலைவர் ஆனதும் ஏவுகணை செய்ததும் எல்லோருக்கும் தெரியும். கல்லூரி முடித்த கையோடு விமானி ஆகப் போய், ஆக முடியாமல் திரும்பியவர் அவர் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1931 அக்டோபர் 15 அன்று ராமேஸ்வரத்தில் பள்ளிவாசல் தெருவில் பிறந்தார். வாப்பா ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் இமாம், படகும் வைத்திருந்தார். உம்மா ஆஷியம்மா. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல வாப்பா கட்டிய மரப்படகு ஒரு புயலில் போயிற்று. பெரிய குடும்பம், சுமாரான வரும்படி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் நாளிதழ்க் கட்டுகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை, பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினர் சம்சுதீன் இந்தச் சிறுவனிடம் கொடுத்தார். அதுதான் அவருடைய முதல் சம்பாத்தியம்.

பறப்பதில் ஆசை வந்தது பள்ளியில். ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அன்று மாலையே வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், பறவை இறக்கையை எப்படி அடிக்கிறது, வாலை எப்படித் திருப்புகிறது என்று நேரில் காட்டினார். நல்ல வாத்தியார் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் செய்தது ஒரு ஆயுளுக்கு நின்றது. வாப்பாவுக்கோ மகன் கலெக்டராக வேண்டும் என்று ஆசை. இது அந்தக் காலத்து எல்லா வாப்பாக்களின் ஆசை. நம் ஊரில் இன்றைக்கும் குறைந்தபாடில்லை.

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம். பட்டம் வாங்கும் நேரத்தில்தான் தனக்குப் பிடித்தது இயற்பியல் அல்ல, பொறியியல் என்று அவருக்கு உறைத்தது. குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். வாப்பாவால் அவ்வளவு பணம் புரட்ட முடியாது. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த நகையை மீட்க வேண்டும் என்று தம்பி மனதுக்குள் உறுதி எடுத்துக்கொண்டார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அவர் தோற்றபோது தோற்றது அவர் ஆசை மட்டுமல்ல. வளையல் கொடுத்த வீடும் அந்த முடிவுக்காகக் காத்திருந்தது.

எம்.ஐ.டி. வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து விலக்கிய இரண்டு விமானங்கள் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் இவர் அவற்றின் அருகே உட்கார்ந்திருப்பார். இரண்டாம் ஆண்டில் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, விமானப் பொறியியல் என்று எழுத அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. அங்கே தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை தாமதமானது. பேராசிரியர் ஸ்ரீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். உதவித்தொகை நின்றால் படிப்பே நின்றுவிடும். இரவுபகல் பாராமல் வரைந்து முடித்தார். கடைசியில் பேராசிரியர் தட்டிக் கொடுத்தார் என்று கதை நன்றாகவே முடிகிறது. ஆனால் அந்த மூன்று நாட்களின் பயத்தை, கட்டணம் கட்ட வழியில்லாமல் படித்தவர்கள்தான் உணர முடியும்.

படிப்பு முடிந்து பெங்களூரில் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தில் பயிற்சி. விமான இன்ஜின்களைப் பிரித்துக் கோக்கும் வேலை. கையில் கிரீஸ் படிந்த அந்த நாட்களில்தான் இரண்டு வாசல்கள் ஒரே நேரத்தில் திறந்தன. ஒன்று, இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேர்வது. மற்றது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் விமானத் தொழில்நுட்ப மேம்பாட்டையும் உற்பத்தியையும் கவனிக்கும் இயக்ககத்தில் வேலை. ஒன்றில் விமானத்தை ஓட்டலாம், மற்றதில் விமானத்தைப் பற்றி மேசையில் உட்கார்ந்து எழுதலாம் என்பதுதான் அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம். இரண்டுக்கும் விண்ணப்பித்தார். இரண்டிலிருந்தும் அழைப்பு வந்தது. விமானப்படை நேர்முகம் டேராடூனில், மற்றது டெல்லியில்.

ராமேஸ்வரத்துப் பிள்ளை வடக்கே போகும் முதல் பெரிய பயணம் அது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயில். டெல்லியில் ஒரு வாரம் தங்கி இயக்ககத்தின் நேர்முகத்தை முடித்தார். கேள்விகள் எல்லாம் வழக்கமானவை. அவருடைய அறிவுக்குச் சவாலாக எதுவும் இல்லை. அங்கிருந்து டேராடூன். மனம் முழுவதும் இருந்தது இங்கேதான். ஆனால் தேர்வுக் குழு பார்த்ததோ வேறு. பாடத்தில் என்ன தெரியும் என்பதைவிட ஆளின் தோற்றம், உடல்வாகு, சட்டென்று பேசும் மிடுக்கு ஆகியவற்றுக்கே அங்கே எடை அதிகம். இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். தேவை எட்டுப் பேர். முடிவு வந்தபோது கலாம் ஒன்பதாவது.

இருபதாவது இடமாக இருந்திருந்தால் மனதுக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஒன்பது என்பது வேறு மாதிரி வலி. நமக்கு முன்னால் நின்றவர் வரைக்கும் கதவு திறந்திருந்தது என்பதை ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும்படியான வலி. அந்தத் துயரத்தோடு அவர் நேராக ரயில் ஏறவில்லை. ஒரு மலை விளிம்பில் ஏரியைப் பார்த்து நின்றுவிட்டு, ரிஷிகேஷுக்கு இறங்கிப் போனார். கங்கையில் குளித்தார். மேட்டில் தெரிந்த சிவானந்த ஆசிரமத்துக்குள் போனார். சுவாமி சிவானந்தர், முஸ்லிம் பெயர் கொண்ட இந்த இளைஞனின் முகத்தைப் பார்த்தே வருத்தம் என்னவென்று விசாரித்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, விதிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டு முன்னே போகும்படியும், விமானி ஆவது உனக்கென எழுதப்பட்டதல்ல, எழுதப்பட்டது எது என்பது இப்போது தெரியாவிட்டாலும் அது இருக்கிறது என்ற கருத்திலும் பேசி அனுப்பினார்.

இந்தச் சம்பவத்தைச் சொன்னால் நம்மில் சிலர் நெளிவார்கள். எனக்கு இதில் நெளிய ஒன்றும் இல்லை. இமாமின் பிள்ளைக்கு கத்ர் பற்றி வீட்டிலேயே கற்றுக் கொடுத்திருப்பார்கள். தெரிந்த விஷயத்தையே துக்கத்தில் இருக்கும்போது இன்னொரு வாய் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அந்த சுவாமி நம் ஊர்ப்பக்கத்துக்காரர். பத்தமடையில் பிறந்து டாக்டராக மலாயாவில் வேலை பார்த்தவர். நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் கோரையைக் கீறிப் பட்டுப் போன்ற பாய் நெய்கிறார்களே, அதே பத்தமடைதான். இமயமலை அடிவாரத்தில் கலாமுக்கு ஆறுதல் சொன்ன குரலில் திருநெல்வேலிச் சாயல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

டெல்லிக்குத் திரும்பி இயக்ககத்தில் விசாரித்தார். அங்கே வேலை நியமன உத்தரவு காத்திருந்தது. மறுநாளே சேர்ந்தார். 1958. முதுநிலை அறிவியல் உதவியாளர் பதவி, அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய்.

அதற்குப் பிறகான கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். கான்பூரில் விமானச் சோதனைப் பிரிவு. பெங்களூரில் தரையை ஒட்டி மிதந்து செல்லும் நந்தி என்ற ஊர்தியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதில் ஏறியபோது அதை ஓட்டியவர் கலாம். விமானம் ஓட்டக் கிடைக்காதவருக்குக் கிடைத்த முதல் ஓட்டம் அது எனலாம். பிறகு விண்வெளி ஆய்வுக் குழுவில் ராக்கெட் பொறியாளர். பயிற்சிக்காக அமெரிக்காவில் வாலப்ஸ் தீவுக்குப் போனபோது, வரவேற்பறைச் சுவரில் பிரிட்டிஷ் படை மீது திப்பு சுல்தானின் படை ராக்கெட் ஏவும் ஓவியத்தைப் பார்த்து நின்றார். நம் நாட்டில் மறக்கப்பட்டது அங்கே சுவரில் தொங்குகிறதே என்ற எண்ணம் அவரைவிட்டுப் போகவில்லை. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. டேராடூனில் ஒருமுறை தோற்றுப் பழகியவர் என்பதால்தான் அந்த ஓராண்டை அவர் தாங்கினார் என்று நான் நம்புகிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கடைவீதி பாயின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நம்ம பிள்ளைகளை எடுப்பார்களா? ஹைதராபாத்தில் நிஜாம் கல்லூரியில் படித்த இத்ரீஸ் ஹசன் லத்தீப் என்ற இளைஞர் 1941இல் பதினெட்டு வயதில் விமானப்படைக்குப் போனார். பர்மா போர்முனையில் பறந்தார். 1947இல் படை இரண்டாகப் பிரிந்தபோது நெருங்கிய நண்பர்கள் பாகிஸ்தானுக்கு அழைத்தும் போகாமல் இங்கேயே இருந்தார். 1978இல் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். கலாம் ஒன்பதாவதாக வந்ததற்குப் பெயர் காரணம் என்று அவரே எங்கும் சொல்லவில்லை. அவர் முன்னால் நின்றது மிடுக்கும் உடல்வாகும்தான். நம் வீடுகளில் பிள்ளைகளைப் புத்தகத்தோடு மட்டும் கட்டிப்போட்டு, மைதானத்துக்கு அனுப்பாமல் வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பையனிடம் நான் சொன்னது இதுதான். விமானமே உயிர் என்றால் விமானப்படை முதல் வாசல். பட்டதாரிகளுக்கு ஆப்கேட் என்ற தேர்வு உண்டு, யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். உண்டு, என்.சி.சி. விமானப் பிரிவில் சி சான்றிதழ் இருந்தால் தனி வழி உண்டு. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், இருபத்து நான்கு வயதுக்குள் போய்விட வேண்டும். கடலும் பிடிக்கும் என்றால் கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலும் விமானிகள் இருக்கிறார்கள். ராமேஸ்வரம் போகும் வழியில் உச்சிப்புளியிலேயே கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது. தரைப்படையில் முதலில் அதிகாரியாகி, பிறகு ஹெலிகாப்டர் பிரிவுக்குப் போகலாம். 2016 முதல் போர் விமானத்திலும் பெண்கள் பறக்கிறார்கள், ஆகவே தங்கச்சியும் யோசிக்கலாம் என்று சொன்னேன். அந்த வீட்டில் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். விமானிக்கான தகுதிச் சோதனையில் ஒருமுறை தவறினால் மறுபடி வாய்ப்பு இல்லை. அதனால் இரண்டாவது வாசலையும் திறந்து வைத்துவிட்டுப் போ. கலாம் டேராடூனுக்குப் போகும் வழியில் டெல்லியில் இறங்கி ஒரு நேர்முகத்தை முடித்துவிட்டுத்தான் போனார். ஆசை டேராடூனில் இருந்தும் அதைச் செய்தார்.

கலாம் கடைசியில் பறந்தாரா என்றால், பறந்தார். 2006 ஜூன் 8 அன்று புனே லோஹேகாவ் விமானத்தளத்தில், முப்படைகளின் தலைமைத் தளபதி என்ற முறையில், விமானிகள் அணியும் உடையில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறினார். வயது 74. ஏறக்குறைய அரை மணி நேரம் வானில் இருந்தார். போர் விமானத்தில் பறந்த முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவர். டேராடூனில் அவருக்கு முன்னால் நின்ற எட்டுப் பேரும் அன்றைக்கு ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியிருக்கும்.

2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோது சரிந்தார். டெல்லியிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து மண்டபத்துக்கும் அவரைத் தூக்கி வந்தது விமானப்படைதான். ஜூலை 30 அன்று ராமேஸ்வரத்தில் பேக்கரும்பில் ஜனாஸா அடக்கம் செய்யப்பட்டது. சங்கரன்கோவில் பாயின் மகன் ஆப்கேட் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். துபாய் விசாவை மாமன் இன்னும் ரத்து செய்யவில்லை.