ஊசிமுனையில் கண்ட உண்மை: சார்லஸ் டோனவன்

நுழையும்முன்

நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்தறிந்த பின்னரே மருத்துவம் தொடங்க வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. காரணம் அறியப்படாத ஒரு கொடிய காய்ச்சலின் கிருமியை, உயிரோடிருந்த நோயாளியின் உடலில் சென்னையில் கண்டறிந்த மருத்துவரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

சார்லஸ் டோனவன் 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அயர்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய தந்தை இந்தியாவில் நீதிபதியாகப் பணியாற்றினார். தொடக்கக் கல்வியை இந்தியாவில் பெற்ற டோனவன், பதின்மூன்றாம் வயதில் அயர்லாந்தின் கார்க் நகரில் வாழ்ந்த பாட்டனாரிடம் அனுப்பப்பட்டார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்று 1889இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1891இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, பிறந்த மண்ணுக்கே திரும்பினார். 1898இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராகவும் அரசு பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் பொறுப்பேற்றார்.

விளங்காத காய்ச்சல்

அக்காலத்தில் காலா அசார் எனும் கருங்காய்ச்சல் இந்தியாவில் பலரது உயிரைக் குடித்து வந்தது. காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும்; மண்ணீரல் வீங்கி வயிறு பருக்கும்; குருதி குன்றி உடல் மெலியும். மருத்துவம் கிட்டாதோர் பெரும்பாலும் இறந்தனர். மலேரியாவை ஒத்திருந்தமையால் இந்நோய்க்கும் கொய்னா மருந்தே தரப்பட்டது. அதனால் பயன் விளையவில்லை. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ்கூட இதனை மலேரியாவின் முற்றிய நிலை என்றே முதலில் கருதினார்.

நாட்பட்ட மலேரியாவால் இறந்தவர்கள் எனக் கருதப்பட்டோரின் மண்ணீரலை டோனவன் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மலேரியாக் கிருமி அங்கு இல்லை. முட்டை வடிவச் சிறு உருக்களே தென்பட்டன. இந்நிலையில், 1903 மே மாதத்தில் வில்லியம் லீஷ்மேன் எனும் இராணுவ மருத்துவரின் கட்டுரை இங்கிலாந்தில் வெளியாயிற்று. இந்தியாவில் காய்ச்சலுற்று, இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் அவரும் அத்தகைய உருக்களைக் கண்டிருந்தார். எனினும், அவை வேறோர் ஒட்டுண்ணி சிதைந்ததால் உண்டானவை என அவர் எண்ணினார்.

உயிருள்ள சான்று

இறந்த உடலில் கண்டது சிதைவா, உண்மையான கிருமியா? இவ்வினாவுக்கு விடை காண, உயிரோடிருப்பவரின் மண்ணீரலில் அதனைத் தேடியாக வேண்டும். வீங்கிய மண்ணீரல் குருதி நிறைந்தது. ஊசி சற்றே பிசகினாலும் உள்ளே குருதி பெருகி உயிர் போகக்கூடும். 1903 ஜூன் 17ஆம் நாள், காய்ச்சலால் துன்புற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து டோனவன் ஊசியால் குருதி எடுத்தார். அதிலும் அவ்வுருக்களே இருந்தன. ஆகவே அவை இறப்பிற்குப் பின் தோன்றிய சிதைவல்ல, உயிருள்ளோரைப் பற்றும் ஒட்டுண்ணியே என்பது புலனாயிற்று.

தம் கண்ணாடித் தகடுகளைப் பாரிஸிலிருந்த லாவெரானுக்கும் இங்கிலாந்திலிருந்த ராஸுக்கும் அவர் அனுப்பினார். கண்டுபிடிப்பில் முதன்மை எவருக்கு என்ற பூசல் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் ராஸ் அக்கிருமிக்கு லீஷ்மேனியா டோனவனி எனப் பெயரிட்டு இருவரையும் இணைத்தார்.

தொடர்ந்த பணி

1911இல் தொடங்கப்பட்ட இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளராக டோனவன் பணியாற்றினார். 1919இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். பட்டாம்பூச்சிகளிலும் அந்துப்பூச்சிகளிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. அயர்லாந்தின் பூச்சிகளுக்கு 1936இல் ஒரு பட்டியல் நூலையும் வெளியிட்டார். அவர் வாழ்நாளிலேயே உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் இந்நோய்க்கு மருந்தாயிற்று. மணல் ஈயே நோயைப் பரப்புகிறது என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1942இல் மெய்ப்பித்தனர். 1951 அக்டோபர் 29ஆம் நாள் டோனவன் மறைந்தார்.

ஒரு துளிக் குருதி

நோயின் காரணம் தெளிவான பின்னரும் அதனை உறுதிசெய்ய ஊசியை மண்ணீரலுக்குள்ளோ எலும்பு மச்சைக்குள்ளோ செலுத்த வேண்டியிருந்தது. சிற்றூர் மருத்துவமனைகளில் அது எளிதன்று. உடலுள் கிருமி புகுந்தால், அதனை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் குருதியில் தோன்றுகின்றன. கிருமியைத் தேடாமல் எதிர்ப்பொருளைத் தேடலாமே என்பது பின்வந்தோர் கண்ட வழி.

லீஷ்மேனியாவின் புரதம் ஒன்றில் 39 அமினோ அமிலங்களாலான பகுதி திரும்பத் திரும்ப வருவதை 1993இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அப்பகுதியை ஆய்வகத்தில் உருவாக்கித் தாள்பட்டையில் பதித்தனர். விரல்நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதியில் உரிய எதிர்ப்பொருள் இருப்பின், சில நிமிடங்களில் பட்டையில் கோடு தோன்றும். பீகார் போன்ற மாநிலங்களில் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் செயற்கைப் பெப்டைடுகளை உருவாக்கும் எளிய முறையை 1963இல் புரூஸ் மெரிஃபீல்டு வெளியிட்டார். தென் அமெரிக்காவின் சாகஸ் நோய் முதலிய ஒட்டுண்ணி நோய்களைக் கண்டறியும் சோதனைகளிலும் இத்தகைய பெப்டைடுகள் பயன்படுகின்றன. முழுக் கிருமியை வளர்க்க வேண்டியதில்லை. வேறு கிருமிக்குரிய எதிர்ப்பொருளோடு மயங்கும் வாய்ப்பும் குறைகிறது.

எனினும், நோய் நீங்கிய பின்னரும் எதிர்ப்பொருள் நெடுநாள் குருதியில் தங்கக்கூடும். ஆதலால், முன்பு நோயுற்றவருக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால் பட்டையில் தோன்றும் கோடு மட்டும் போதாது. கிருமியையே தேடிக் காண வேண்டும். அவ்வேளையில் இன்றைய மருத்துவரும் டோனவன் சென்னையில் செய்தது போலவே ஊசியையும் நுண்ணோக்கியையும் நாடுகிறார்.