மஸ்காராவுக்குச் சட்டம் கேட்ட கண் டாக்டர்!

கண் மை டப்பாவை என்னைக்காவது பின்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கீங்களா? தயாரிப்பு தேதி, காலாவதி தேதின்னு பொடி எழுத்துல ஏதேதோ இருக்கும். நாம யாரும் அதைப் படிக்கிறதே இல்லை. ஆனா, கண்ணுல போடுற பொருளைக் கேள்வி கேட்க ஒரு சட்டம்கூட இல்லாத காலம் அமெரிக்காவுல இருந்தது. அதை மாத்த அஞ்சு வருஷம் மல்லுக்கட்டியவர் ஒரு கண் டாக்டர். பெயர், ராயல் கோப்லண்ட்.

1868-ல் மிச்சிகன் மாநிலத்தின் டெக்ஸ்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1889-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹோமியோபதி மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு அங்கேயே கண், காது மருத்துவப் பேராசிரியர் ஆனார். மனுஷனுக்கு அரசியலும் பிடிக்கும். ஆன் ஆர்பர் நகரத்துக்கு மேயராகவும் இருந்தார். 1908-ல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, ஒரு மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார்.

1918-ல் நியூயார்க் நகரின் சுகாதார ஆணையர் பதவி வந்தது. கூடவே கொடிய இன்ஃப்ளூயன்ஸாவும் வந்தது. கடைகளும் அலுவலகங்களும் வெவ்வேறு நேரத்தில் திறக்கணும்னு உத்தரவு போட்டு, ரயில் கூட்டத்தைக் குறைத்தார். பள்ளிகளை மட்டும் மூடவில்லை. அதுக்கு வாங்கிய திட்டும் கொஞ்சம் இல்லை. 1922 தேர்தலில் ஜெயித்து அமெரிக்க செனட்டுக்குப் போனார். கோட்டில் சிவப்பு கார்னேஷன் பூவோட வருவார், பத்திரிகைகளில் உடல்நலப் பத்தி எழுதுவார்.

இனிதான் நம்ம கதை.

இமைக்குப் போட்ட சாயம்

1930-களில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் அங்கே பியூட்டி பார்லர்களில் பிரபலம். புருவத்துக்கும் இமை முடிக்கும் ஒருமுறை போட்டால் போதும், தினமும் மஸ்காரா தேவையில்லை. ஆனா, அதில் இருந்தது பாராஃபினிலீன்டையமின் என்ற ரசாயனம். போட்டுக்கிட்ட பெண்கள் பலருக்குக் கண் வீங்கிப் புண்ணாச்சு. சிலர் பார்வையையே இழந்தாங்க. உயிரிழப்பும் நடந்தது.

அந்தச் சாயத்தைக் கடையில் இருந்து எடுக்க அரசால் முடியவில்லை. காரணம், அப்போது இருந்த 1906-ம் ஆண்டு சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் மட்டும்தான். அழகுசாதனம் என்ற வார்த்தைக்கே அதில் இடமில்லை. பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் முகத்தை, சாயம் போடுறதுக்கு முன், பின் என்று இரண்டு படங்களாக அரசு அதிகாரிகள் கண்காட்சியில் வைத்தார்கள். பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள்.

1933-ல் புதிய சட்ட மசோதாவை செனட்டில் கொண்டுவந்தவர் கோப்லண்ட். மருந்து கம்பெனிகளும் அழகுசாதன கம்பெனிகளும் எதிர்த்தன. விளம்பர வருமானம் போயிடுமோன்னு பயந்த பத்திரிகைகளும் அவர்கள் பக்கம் நின்றன. கோப்லண்டும் அப்பழுக்கில்லாதவர் இல்லை. மசோதாவை நிறைவேற்ற அவர் நிறைய விட்டுக்கொடுத்தார், அது சீர்திருத்தம் கேட்டவர்களுக்குக் கோபம். ஆனாலும், ஒவ்வொரு முறை மசோதா முடங்கியபோதும் அதைத் திரும்ப எடுத்துட்டு வந்தார். பெண்கள் அமைப்புகள் துணை நின்றன.

1937-ல் ஒரு சல்ஃபா மருந்துத் திரவம் நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கியது. அதில் குழந்தைகளும் நிறைய பேர். அதுக்கப்புறம்தான் எதிர்ப்பு அடங்கியது. மசோதா நிறைவேறியது. ஆனா, கூட்டத்தொடர் முடிந்த மறுநாளே, 1938 ஜூன் 17-ல் கோப்லண்ட் இறந்துபோனார். ஜூன் 25-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்க்க அவர் இல்லை. புதிய சட்டத்தின் கீழ் முதலில் பறிமுதல் ஆனது எது தெரியுமா? அதே லாஷ் லூர்!

இது நமக்கு எதுக்கு?

அந்த ரசாயனம் இன்னும் நம்ம வீட்டில் இருக்குங்க. தலைக்குப் போடுற கறுப்பு ஹேர் டை பலவற்றில் அதுதான் இருக்கு. 'தலைக்குப் போட்டது மிச்சம் இருக்கே, புருவத்திலும் ஒரு இழுப்பு இழுத்துடலாம்'னு நினைச்சா, தயவுசெஞ்சு வேண்டாம். தலைமுடிச் சாயம் புருவத்துக்கோ இமைக்கோ ஆகாது. பார்லரில் கேட்டாலும் மறுத்துடுங்க.

நம்ம நாட்டிலும் 1940-ல் வந்த மருந்துச் சட்டத்துக்குள் 1962-ல் திருத்தம் மூலமா அழகுசாதனமும் வந்தாச்சு. காரீயம், ஆர்சனிக் கலந்த நிறமிகளை அழகுசாதனத்தில் சேர்க்கக் கூடாது. ஆனா, லேபிளே இல்லாம திருவிழாக் கடையில் விற்கிற மையிலும் சுர்மாவிலும் என்ன இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்? சுர்மா சிலவற்றில் காரீயமே முக்கியப் பொருள். குழந்தைக் கண்ணுக்கு அதை வைக்கவே வேண்டாம்.

மற்றபடி இதெல்லாம் பழக்கமாகட்டும். மஸ்காராவை மூணு மாசத்துக்கு ஒருமுறை மாத்துங்க. காய்ந்துபோனா தண்ணியோ எச்சிலோ விட்டுக் குழைக்காதீங்க, கிருமிக்கு நாமே விருந்து வைக்கிற மாதிரி அது. அக்கா தங்கச்சியா இருந்தாலும் காஜல் பென்சிலைப் பகிராதீங்க. இமையின் உள்விளிம்பில் கண்ணீரைக் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் இருக்கு; மையை அதுக்கு வெளியே, முடிகள் இருக்கிற ஓரத்தில் மட்டும் தீட்டுங்க. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க முதலில் லென்ஸ், அப்புறம் மேக்கப். கண் நோய் வந்து சரியாச்சுன்னா, அப்போ உபயோகிச்சதைத் தூக்கிப் போட்டுடுங்க. எவ்வளவு அசதியா இருந்தாலும் மேக்கப்பைக் கலைக்காம தூங்கப் போகாதீங்க. கண் சிவந்து வலிச்சாலோ, பார்வை மங்கினாலோ உடனே கண் டாக்டரிடம் போங்க.

இன்னைக்கு ராத்திரி உங்க மேக்கப் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்க. தேதி முடிஞ்சது, லேபிள் இல்லாதது எத்தனை இருக்கோ, அத்தனையும் குப்பைக்குப் போகட்டும்.