புக்கிட் தீமா காட்டில் வண்டு தேடியவர்: ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்

சிங்கப்பூரின் புக்கிட் தீமா வட்டாரத்தில் உள்ள செயின்ட் ஜோசப் தேவாலயத்துக்கு 1854ஆம் ஆண்டில் ஒரு விருந்தாளி வந்தார். வயது 31. கண்ணாடி அணிந்த, நெடுநெடுவென வளர்ந்த பிரிட்டிஷ் இளைஞர். காலையில் வலையும் குப்பிகளும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவார். பிற்பகலில் திரும்பி வந்து, பிடித்த வண்டுகளை ஊசியில் குத்தி அடுக்குவார். அவருக்குத் தங்க இடம் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்.

உயிரினங்கள் அனைத்தையும் கடவுள் தனித்தனியே படைத்தார் என்ற நம்பிக்கையை அசைக்கப் போகும் மனிதருக்குப் பாதிரியார் வீட்டிலேயே சோறும் பாயும் கிடைத்தன.

அந்த இளைஞர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். பரிணாமம் என்றதும் சார்ல்ஸ் டார்வின் பெயர்தான் நம் நினைவுக்கு வரும். அதே உண்மையை டார்வினின் துணையின்றி, நம் வட்டாரத் தீவுகளில் அலைந்து கண்டறிந்தவர் வாலஸ்.

14 வயதோடு நின்ற பள்ளி

வேல்ஸ் நாட்டின் அஸ்க் என்ற ஊருக்கு அருகே 1823 ஜனவரி 8ஆம் தேதி பிறந்தார் வாலஸ். ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. தந்தை பணத்தை இழந்ததால், 14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. லண்டனில் அண்ணனுடன் சில மாதங்கள் தங்கியபோது, தொழிலாளர்கள் கூடும் மண்டபத்தில் ராபர்ட் ஓவனின் சமத்துவக் கருத்துகளைக் கேட்டார். ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்த அவரிடம் இளமையிலேயே மத நம்பிக்கை குறைந்தது. பிறகு இன்னொரு அண்ணனோடு நில அளவை வேலைக்குப் போனார். வயல்வெளிகளில் அளவுச் சங்கிலி பிடித்து நடந்த காலத்தில்தான் செடி கொடிகள் மீது ஆர்வம் பிறந்தது.

அன்றைய இங்கிலாந்தில் கடவுளுக்குச் சான்றாக உயிரினங்களையே காட்டினார்கள். வில்லியம் பேலி என்ற பாதிரியார் 1802இல் எழுதிய நூல் இதற்கு அடித்தளம். கடிகாரத்தைப் பார்த்தால் அதைச் செய்த ஒருவர் இருப்பார் என்று தெரிகிறது. அப்படியென்றால் கண்ணையும் இறக்கையையும் செய்த ஒருவர் இருக்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். பல்கலைக்கழகத்திலும் இதுவே பாடம், பிரசங்க மேடையிலும் இதுவே பேச்சு.

வாலஸுக்கு அந்தப் பதில் போதவில்லை. 1848இல் அமேசான் காட்டுக்குப் போனார். நான்கு ஆண்டுகள் சேகரித்தவற்றோடு திரும்பும் வழியில், 1852இல், கப்பல் தீப்பிடித்து எரிந்தது. பத்து நாள் திறந்த படகில் கடலில் தவித்து உயிர் தப்பினார். சேகரிப்பில் பெரும்பகுதி சாம்பலானது. அப்படியும் ஓயாமல், இரண்டே ஆண்டில் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார்.

புக்கிட் தீமா முதல் சரவாக் வரை

புக்கிட் தீமாவில் அப்போது புலி நடமாட்டம் இருந்தது. புலிகளைப் பிடிக்க வெட்டிய குழிகளும் காட்டில் இருந்தன. சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். வெட்டிய மரத்தைத் தேடி வண்டுகள் வந்தன. வண்டுகளைத் தேடி வாலஸ் வந்தார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். பிறகு மலாக்காவுக்குப் போய், குனோங் லேடாங் மலை ஏறினார்.

சரவாக்கில் ஒரு தாய் ஓராங் ஊத்தானைச் சுட்டபோது, அதன் குட்டி உயிரோடு கிடைத்தது. பால் கிடைக்காததால் அரிசிக் கஞ்சித் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்து வளர்த்தார். அது கைக்குழந்தையைப் போலவே அழுதது, அடம் பிடித்தது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்தது.

அங்கே 1855இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு புதிய உயிரினமும் அதற்கு முன்பே இருந்த நெருங்கிய இனம் ஒன்றின் அருகிலேயே தோன்றியிருக்கிறது என்று அதில் காட்டினார். மறு ஆண்டு பாலியிலிருந்து லொம்போக் தீவுக்குக் கடந்தார். வெயிலும் மழையும் பெரிதாக மாறவில்லை. பறவைகள் மட்டும் மாறிவிட்டன. அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி கடவுள் படைத்தார் என்றால், கண்ணுக்கெட்டும் தூரத்தில் உள்ள இரு தீவுகளுக்கு ஏன் இத்தனை வேறுபாடு?

காய்ச்சலில் கிடைத்த விடை

விடை 1858 பிப்ரவரியில் கிடைத்தது. மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூல் நினைவுக்கு வந்தது. பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. சூழலுக்குச் சற்றே பொருத்தமானவை பிழைத்துக் குட்டி போடுகின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் ஓர் இனமே உருமாறும். உடல் தேறியதும் எழுதி முடித்து, டெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பினார்.

டார்வின் அதிர்ந்து போனார். 20 ஆண்டுகளாகத் தாம் வெளியிடாமல் வைத்திருந்த அதே கருத்து. நண்பர்கள் ஏற்பாட்டில் இருவர் எழுத்தும் 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கப்பட்டன. வாலஸின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கடிதம் போய்வரப் பல மாதமாகும். செய்தி அறிந்தபோது அவர் குறைப்படவும் இல்லை.

மறு ஆண்டு டார்வினின் நூல் வெளிவந்தது. கடிகாரம் செய்தவர் இல்லாமலே கண்ணும் இறக்கையும் உருவாக முடியும் என்றாகிவிட்டது. 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆயர் வில்பர்ஃபோர்ஸும் விஞ்ஞானி ஹக்ஸ்லியும் இதைப் பற்றி மேடையில் மோதியபோது, வாலஸ் இன்னும் தீவுகளில்தான் இருந்தார். எட்டு ஆண்டுகளில் 1,25,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சேர்த்துவிட்டு 1862இல் ஊர் திரும்பினார்.

பிரிந்த பாதை

ஒரே கண்டுபிடிப்பு இருவரையும் வெவ்வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பாதிரியார் ஆவதற்காகப் படித்த டார்வின், 1851இல் பத்து வயது மகள் ஆனியைப் பறிகொடுத்தவர். படிப்படியாக நம்பிக்கை இழந்து, கடவுள் உண்டா என்பது தம்மால் அறிய முடியாதது என்ற நிலையில் நின்றார். நம்பிக்கையில்லாமல் தொடங்கிய வாலஸ் எதிர்த்திசையில் நடந்தார். 1865 முதல் ஆவியுலகத் தொடர்புக் கூட்டங்களுக்குப் போனார். உடல் இயற்கைத் தேர்வால் வந்தது, ஆனால் கணிதமும் இசையும் அறத்தையும் அறியும் மனித மனத்துக்குப் பின்னால் ஒரு பேரறிவு இருக்கிறது என்று 1869இல் எழுதினார். டார்வின் மிகவும் வருந்தினார். விஞ்ஞானிகள் பலர் வாலஸை ஏளனமாகப் பார்த்தனர்.

அதற்காக அவர் மதவாதிகள் பக்கம் சாய்ந்துவிடவில்லை. பைபிளின்படி பூமி தட்டையானது என்று நம்பிய ஜான் ஹாம்ப்டன் என்பவர் 500 பவுண்டு பந்தயம் கட்டினார். 1870இல் நேரான ஒரு கால்வாயில் குறிகளை நட்டு, நீர்ப்பரப்பின் வளைவைக் காட்டி வென்றார் வாலஸ். ஹாம்ப்டன் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் வசைக் கடிதங்கள் எழுதிச் சிறைக்கும் போனார். வழக்குகளில் வாலஸுக்குப் பணமும் நிம்மதியும் போயின.

நிலையான வேலை கிடைக்காமல் எழுதியே பிழைத்த வாலஸுக்கு, 1881இல் ஆண்டுக்கு 200 பவுண்டு அரசாங்க ஓய்வூதியம் கிடைத்தது. அதற்காக முன்நின்று முயன்றவர் டார்வின். கடவுள் விஷயத்தில் ஒத்துப்போகாத இருவரின் நட்பு கடைசி வரை முறியவில்லை. 1882இல் டார்வின் இறந்தபோது, அவரை அடக்கம் செய்த இடம் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயம். சவப்பெட்டியோடு நடந்தவர்களில் வாலஸும் ஒருவர்.

1913 நவம்பர் 7ஆம் தேதி, 90ஆம் வயதில் வாலஸ் மறைந்தார். 1915இல் அதே ஆலயத்தில் அவருக்கும் நினைவுச் சின்னம் வைக்கப்பட்டது.

புக்கிட் தீமா செயின்ட் ஜோசப் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அதிக தூரமில்லை, டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் பெயரில் ஒரு நடைபாதை இருக்கிறது.